இடத்தை அடைக்காத பரிசு

நவம்பர் 12

அன்புள்ள வாயாடியின் அம்மாவுக்கு,

நானும் என் உளியும் சுகம். நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் உன் குரல் உயர்ந்துவிடுகிறது, ஒரே அறையில் பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறார்கள், அதனால் சொல்ல வேண்டியதை எழுதுங்கள் என்றாய். சரி, எழுதுகிறேன். கோழிக் கிறுக்கல் என்று மட்டும் சொல்லாதே.

கிறிஸ்துமஸ் வருகிறது. போன வருஷம் கடைப் பொம்மைகளைத் தபாலில் அனுப்பி ஒப்பேற்றிவிட்டேன். இந்த வருஷம் என் கையாலேயே செய்யப் போகிறேன். மீந்துபோகும் பலகைகளை எடுத்துக்கொள்ளப் பட்டறை மேஸ்திரி சம்மதித்துவிட்டார். வாயாடிக்கு அவள் உயரத்துக்கு ஒரு பொம்மை வீடு, மாடிப்படியோடு. தூங்குமூஞ்சிக்கு ஆடும் குதிரை. அவன் அதன் மேல் உட்கார்ந்தபடியே தூங்கலாம்.

இரண்டையும் நானே கொண்டுவந்து தரட்டுமா? ஒரு நாள் மட்டும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு கேட்கவில்லை. இங்கே என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. இன்னொரு வருஷம் இருப்பேனா என்று இருபத்து மூன்றாம் தேதி மேஸ்திரிக்குச் சொல்ல வேண்டும். நீ வா என்றால் மூட்டையைக் கட்டிவிடுவேன். நீ என்னை மரமண்டை என்று கூப்பிட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, அதுகூட இல்லாமல் காது சும்மா கிடக்கிறது.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
தச்சன்

நவம்பர் 20

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

எல்லாரும் நலம். 

பொம்மை வீடா? நாங்கள் இருப்பதே பொம்மை வீடுதான். அதற்குள் இன்னொன்றை எங்கே வைப்பது? குதிரை ஆட வேண்டுமென்றால் நாங்கள் மூவரும் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நாள் முழுக்க ஹோட்டல் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் துணியை மடி, படுக்கையை மடி, நாற்காலியை மடி. மடங்காத எதையும் உள்ளே விடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். வாயாடிக்குப் பள்ளிக் கிறிஸ்துமஸ் நாடகத்தில், பிள்ளைத்தாய்ச்சியைத் திருப்பி அனுப்புகிற சத்திரக்காரன் வேஷம். ஒரே ஒரு வசனம்: “இடமில்ல, போங்க!” சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லை, நான் தினமும் சொல்வதுதானே.

பிள்ளைகளுக்குத் தர வேண்டுமென்றால் இடத்தை அடைக்காததாகத் தாருங்கள். வரைய வரையத் தீர்ந்துபோகிற வண்ணக்கட்டி, சுவரில் ஒட்டுகிற உலகப்படம், நீச்சல் குளத்துக்குப் போய்வர சீட்டு, இப்படி ஏதாவது. உங்களுக்கு இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற வழக்கம். ஸ்டூல் செய்கிறேன் என்று ஆரம்பித்து அலமாரியில் முடிப்பீர்கள்.

வருவதைப் பற்றி: போன வருஷம் கதவருகே நின்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. “இந்த வீட்ல மூச்சு விடக்கூட இடமில்ல. எனக்கு மூச்சு முட்டுது.” பிள்ளைகள் தூங்குவதாக நினைத்தீர்கள். இரண்டும் முழித்துக்கொண்டுதான் கிடந்தன. அந்த வாரமே அந்த ஊர் வேலையை ஒத்துக்கொண்டு போனீர்கள். நீங்கள் போன பிறகு வீடு ஒரு விரல்கூட வளரவில்லை, பிள்ளைகள்தான் வளர்ந்திருக்கிறார்கள். இப்போது வந்தால் மட்டும் மூச்சு எங்கிருந்து வரும்? 

யோசித்துச் சொல்கிறேன்.

வாயாடியின் அம்மா

டிசம்பர் 7

அன்புள்ள வாயாடியின் அம்மாவுக்கு,

உன் கடிதம் சுருக்கென்று தைத்தது. அந்த வார்த்தை வாய் தவறி வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டாய். அதனால் சொல்லவில்லை, வேலையைப் பார்த்தேன்.

பொம்மை வீட்டையும் குதிரையையும் விட்டுவிட்டேன். அதற்குப் பதில் சக்கரம் வைத்த ஒரு தட்டைப் பெட்டி. நம் கட்டிலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ராத்திரி இழுத்து மூடியை எடுத்தால் உள்ளே மெத்தை, இருவரும் படுக்கலாம். பகலில் மூடியைப் போட்டால் ஒரு பக்கம் வாயாடிக்குக் கரும்பலகை. புரட்டிப் போட்டால் தூங்குமூஞ்சிக்கு ரோடு, பாலம், பெட்ரோல் பங்க், எல்லாம் நானே வண்ணம் தீட்டியது. விளையாடி முடித்ததும் காலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான். தரையில் ஒரு விரல் இடம்கூடக் கேட்காது.

அளவைப் பற்றிக் கவலைப்படாதே. அந்தக் கட்டிலை நம் கல்யாணத்துக்காகச் செய்தவன் நான். அதன் காலுக்கும் காலுக்கும் நடுவே எவ்வளவு என்று என் கைக்கே தெரியும்.

நான் வரவில்லை, நீ வரச் சொல்லவில்லையே. பட்டறை லாரிக்காரர் கொண்டுவந்து இறக்குவார். கட்டிலுக்கு அடியில் தள்ளி, போர்வையைத் தொங்கவிட்டு மறைத்து வை. கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகள் இழுத்துப் பார்க்கட்டும்.

தச்சன்

டிசம்பர் 13

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

உங்கள் பரிசு வந்து சேர்ந்தது. இனி நாங்கள் வெளியே போய்விட வேண்டியதுதான் பாக்கி.

லாரிக்காரர் பாவம், தனி ஆளாக மாடிக்குத் தூக்கி வந்தார். “எங்க வைக்கணும்மா?” என்று கேட்டார். கட்டில் இல்லை. ஜூன் மாதமே விற்றுவிட்டேன். தரையில்தான் படுக்கிறோம், காலையில் மடித்துவிடுகிறோம்.

இப்போது பெட்டி கதவுக்குப் பின்னால் நெட்டுக்குத்தாக நிற்கிறது. கதவு பாதிதான் திறக்கிறது. என்ன சத்தம் என்று பார்க்க வந்த மேல்மாடி அக்கா நடுவில் மாட்டிக்கொண்டார், நான்தான் இழுத்து விட்டேன். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் பார்த்துவிட்டார்கள். மறைத்து வைக்க இது என்ன குண்டூசியா? தூங்குமூஞ்சி அதைத் தட்டித் தட்டிக் கேட்கிறான், “அம்மா, அப்பா இதுக்குள்ள இருக்காரா?” நான் சமையல் பக்கத்துத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கட்டில் இருக்கிறதா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்க மாட்டீர்கள். நீங்கள் விட்டுப்போனபடியே எல்லாம் நிற்கும் என்று நினைப்பு. ஞாபகத்தை வைத்து அளவெடுத்தால் இப்படித்தான் ஆகும். தயவுசெய்து லாரிக்காரரை அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

வாயாடியின் அம்மா

டிசம்பர் 17

வாயாடியின் அம்மாவுக்கு,

கட்டிலை விற்றது உன் இஷ்டம். ஆறு மாதமாக அதை என்னிடம் சொல்லத் தோன்றவில்லை பார், எனக்கு அதுதான் பதில். போனவனுக்கு எதற்குக் கட்டில் என்று நினைத்திருக்கிறாய். நியாயம்தான். 

வாயாடியின் வசனம் எனக்கும் கேட்டுவிட்டது.

இருபதாம் தேதி லாரிக்காரர் வருவார், பெட்டியைக் கொடுத்துவிடு. வண்ணக்கட்டி வாங்கி அவரிடமே தந்திருக்கிறேன், அது தீர்ந்துபோகிறதுதான். இருபத்து மூன்றாம் தேதி மேஸ்திரியிடம் இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். பெட்டிக்குள் நான் இல்லை என்று பையனுக்குச் சொல்லிவிடு.

பிள்ளைகளின் அப்பா

டிசம்பர் 20

மரமண்டைக்கு,

லாரிக்காரர் வாசலில் நிற்கிறார். கொஞ்சம் பொறுங்கள் அண்ணா என்று ஒரு டம்ளர் காபியைக் கையில் கொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

திருப்பி அனுப்பப் போகிறோமே, ஒரு ராத்திரியாவது படுத்துப் பார்க்கிறோம் என்று நேற்று இரண்டும் கெஞ்சின. பெட்டியைக் கீழே இறக்கினோம். இருந்த தரை எல்லாவற்றையும் அது எடுத்துக்கொண்டது. நான் சமையல் மேடைக்கு அடியில் கிடந்தேன். மடிப்பது என் தொழில்தானே, என்னையே மடித்துக்கொண்டேன். பையன் பாலத்தின் மேல் கன்னத்தை வைத்தே தூங்கிவிட்டான், தூக்கி உள்ளே போட்டேன்.

காலையில் லாரிக்காரர் வந்து, “பெட்டியத் தூக்கணும், எறங்கு பாப்பா” என்றார். உங்கள் மகள் மூடி மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, நாடகத்துக் குரலிலேயே, “உங்க லாரியில இடமில்ல, போங்க!” என்றாள். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கட்டிலை ஏன் விற்றேன் என்று நீங்களாகவே ஒரு பதில் எழுதிக்கொண்டீர்கள். அதுவும் ஞாபகத்தை வைத்து எடுத்த அளவுதான். இடம் போதவில்லை, விற்றேன் என்று மேல்மாடி அக்காவிடம் சொன்னேன். அது பொய். இந்த வீட்டில் காலியாகக் கிடந்த ஒரே இடம், அந்தக் கட்டிலில் நீங்கள் படுக்கிற பக்கம்தான். பிள்ளைகளைப் படுக்க வைத்துப் பார்த்தேன். துணி மடித்து அடுக்கிப் பார்த்தேன். எதை வைத்தாலும் அது காலியாகவே இருந்தது. என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. உங்களிடம் எப்படிச் சொல்வது? மூச்சு முட்டுகிறது என்று போனவரிடம், இங்கே இடம் மீந்து கிடக்கிறது என்றா எழுதுவது?

பெட்டியை அனுப்பவில்லை. ஆனால் கட்டில் இல்லாமல் அது நடுவீட்டில் கிடந்தால் நாங்கள் நடக்க முடியாது. அதன் மேல் நிற்க ஒரு கட்டில் வேண்டும். பழையதைப் போல அகலம் வேண்டாம், அடியில் பெட்டி போய், மேலே இருவர் ஒட்டிப் படுக்கிற அளவு போதும். அந்த அளவை நான் எழுதி அனுப்ப மாட்டேன், உங்கள் கையையும் நம்ப மாட்டேன். டேப்பை எடுத்துக்கொண்டு வந்து இங்கேயே எடுங்கள். மேஸ்திரியிடம் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி லாரிக்காரரிடம் தருகிறேன்.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. வந்த பிறகும் கொஞ்ச நாள் இருக்கும். அதற்கும் சேர்த்தே இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூச்சு முட்டினால் வாயைத் திறந்து சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்துவிடுகிறேன். கதவைத் திறந்துகொண்டு போகாதீர்கள்.

உங்கள்,
வாயாடியின் அம்மா