மமாதுவின் பெயருக்கு விழுந்த விசில்

அக்கா,

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு சுவரில் நேற்று ஒரு நோட்டீஸ் பார்த்தேன். கறுப்பின மக்கள் எடுத்த படங்களுக்குப் புதுச்சேரியில் விழா எடுக்கிறார்களாம். யாரையும் கேட்காமல் நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். மாலை வகுப்பில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. படித்து முடித்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பக்கத்தில் நின்ற கண்டக்டர், "இன்னா பெருசு, செவுத்தப் பார்த்து சிரிச்சிக்கினு கீற?" என்றார்.

"இந்த விழாவ நாங்க திண்டிவனத்துல அப்பவே நடத்திட்டோம்பா" என்றேன்.

"ஆமா, நீதான் தலைமை தாங்கின" என்று பஸ் ஏறிப் போய்விட்டார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஆளை ஏறவே விட்டிருக்க மாட்டாய். அதுதான் உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் டூரிங் கொட்டகை அப்போது ஊருக்கு வெளியே, மல்லாட்டைக் கடலை போட்ட காடுகளை ஒட்டி இருந்தது. நான் மாட்டு வண்டியில் விளம்பரத் தட்டி கட்டி, ஊர் ஊராகப் படத்தை அறிவித்துக்கொண்டு போவேன். நீ பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுப்பாய். கல்யாணத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டவள் நீ. பிரெஞ்சு பேசுவாய். சண்டை வந்தால் கொட்டகை முதலாளியை அதிலேயே திட்டுவாய். அவர் பாராட்டு என்று நினைத்துத் தலையாட்டுவார்.

அந்தப் பழைய வீட்டுக்கு நீ ஒருமுறை போனபோதுதான் மமாதுவைப் பார்த்தாய். ஆப்பிரிக்காவிலிருந்து பாரீசுக்குப் போய் சினிமா படித்தவன். தானும் தன் கூட்டாளிகளும் எடுத்த குட்டிப் படங்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, புதுச்சேரி சினிமா சங்கத்துக்காக வந்திருந்தான். திரும்பி வந்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"பாவம்டா அந்தப் புள்ள. எங்க போயி படத்தப் போட்டாலும், இத எடுத்த வெள்ளக்காரரு யாருன்னு அவன்கிட்டயே கேக்கறானுங்களாம். நான் எடுத்தேன்னா சிரிக்கறானுங்களாம். நம்ம கொட்டாயில போடலாம், நம்ம சனங்க பார்க்கட்டும்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "பேஜாரு புடிச்ச வேலைம்மா இது. பாட்டு இல்ல, சண்டை இல்ல. சரி, மூணு நாளு தரேன். மொத நாளே சனங்க கூச்சல் போட்டா, மறுநாளு பழைய சாமி படம்தான்."

நான் வண்டியில் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன். "ஆப்பிரிக்கா தேசத்துப் படங்கள்! மூன்று நாள் விழா! கதை சொல்பவர் நம்ம டிக்கெட் அக்கா!" மயிலத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

மமாது முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். நீ ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கும் தட்டி ஓரமாக மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாய். முதல் படத்தில் கருவாடு விற்கும் ஓர் அம்மா. மணல் தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நம் படங்களில் கறுப்பாக ஒருவன் வந்தால் அவன் அடியாளாகத்தான் இருப்பான். இங்கே வந்தவர்கள் எல்லாருமே நம் நிறம்.

"டேய், அந்தப் பெரியவரப் பாருடா, அப்படியே நம்ம மன்னாரு!"

"மன்னாரு எப்படா கப்பல் ஏறினான்?"

வினை எங்கே வந்தது என்றால், நம் கொட்டகையில் ஒரே ஒரு மிஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டும் வரை சனங்கள் முறுக்கு வாங்கித் தின்பது வழக்கம். அதனால் முதல் படம் முடிந்தது யாருக்கும் தெரியவில்லை. ரீல் மாற்றுகிறார்கள் என்று காத்திருந்தார்கள். அடுத்த படம் ஓடியது. பனி பெய்யும் ஊரில் ஒரு பையன் வாடகைக்கு அறை தேடி அலைகிறான்.

"யாருக்கா இவன்? கருவாட்டுக்காரம்மா இன்னா ஆனாங்க?"

கதை அவ்வளவுதான் என்று சொன்னால் கூச்சல் கிளம்பும். முதலாளி அங்கேயே நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ கண் இமைக்காமல் சொன்னாய்: "அவங்க மவன்தான் இவன். சீமைக்குப் படிக்கப் போயிருக்கான்."

கொட்டகை அப்படியே நம்பியது. அவனுக்கு ஒருவரும் அறை கொடுக்காதபோது பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. முதலாளி முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது மமாதுவின் படம். மகள் கல்யாணமாகிப் படகில் போகிறாள். தாய் ஆற்றங்கரையோடு கூடவே ஓடுகிறாள்.

"அக்கா, அம்மா ஆளே வேற மாதிரி கீறாங்களே?"

"புள்ளய நெனச்சி எளச்சிட்டாங்க" என்றாய். கொட்டகையே சிரித்தது. ஆனால் நான் மமாதுவைப் பார்த்தேன். படம் தொடங்கித் திரையில் தன் பெயர் வந்தபோது எழுந்து நின்றவன், யாரும் திரும்பிப் பார்க்காததால் அப்போதே மெல்ல உட்கார்ந்துவிட்டிருந்தான். நீயும் பார்த்துவிட்டாய்.

"மிஷின நிறுத்துப்பா" என்றாய்.

முதலாளி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நீ அவர் பக்கமே திரும்பவில்லை.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேங்க. இது ஒரே கதை இல்ல. மூணு படம். மூணு பேரு எடுத்தது. இப்ப ஓடுதே, இத எடுத்தவரு இங்கியே குந்தினு கீறாரு. அந்த ஆத்தோரமா ஓடறது அவரப் பெத்த தாயி. நான் என் வாயால அவங்கள வேற யாருக்கோ தாயாக்கிட்டேன்."

முடிந்தது, நாளைக்குச் சாமி படம்தான் என்று நினைத்தேன். அப்போது மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "இந்தப் புள்ளயா எடுத்துச்சி? எழுந்து நிக்கச் சொல்லும்மா, பார்க்கலாம்."

நீ பிரெஞ்சில் சொன்னாய். மமாது எழுந்து திரும்பி நின்றான்.

"தாயி சாயலு அப்படியே கீது!" என்றாள் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தி.

"அப்படின்னா மொதல்லேந்து போடு!"

"போடு, போடு! ஜல்தியா போடு!"

கூச்சல்தான், அக்கா. முதலாளி பயந்த அதே கூச்சல். ஆனால் காசைத் திருப்பிக் கேட்ட கூச்சல் இல்லை. ஆபரேட்டர் வேர்க்க வேர்க்க ரீலைத் திருப்பிச் சுற்றினார். மறுபடியும் திரையில் வந்த அந்தப் பெயரை நீ மைக்கில் சொன்னதும் விழுந்த விசிலில் கூரைக் கீற்று பறந்துவிடும் போல இருந்தது. பெரிய பெரிய நடிகர் முகத்துக்கு மட்டுமே நம் கொட்டகையில் விசில் கேட்டிருக்கிறேன். எடுத்தவன் பெயருக்கு அன்றுதான் கேட்டேன். நீ ஒரு வார்த்தை கதை சொல்லவில்லை. அந்தத் தாய் ஓடுவதை எல்லாரும் சும்மா பார்த்தார்கள். மமாது திரையைப் பார்க்கவில்லை. சனங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மற்ற இரண்டு நாளும் கூட்டம் தாங்கவில்லை. மறுநாள் காலை வண்டி பூட்டும்போது என்னிடம் வந்து, "இன்னிக்கி படத்துப் பேரோட எடுத்தவன் பேரையும் சேர்த்துக் கத்து" என்றாய். கத்தினேன். அந்த வண்டி இருந்தவரை அப்படித்தான் கத்தினேன்.

பழக்கம் என்னை விடவில்லை, அக்கா. ஓட்டலில் குழம்பு ருசியாக இருந்தால் உள்ளே எட்டிப் பார்த்து, "யார் கைப்பக்குவம்?" என்று கேட்கிறேன். கோயிலில் பூமாலை அழகாக இருந்தால் கட்டியது யார் என்று கேட்கிறேன். மகளுக்குக் கூச்சமாக இருக்கிறதாம். ஆனால் கேட்டதும் உள்ளேயிருந்து ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார் பார், அந்த முகத்தை நான் தவறவிடுவதே இல்லை.