புதிய புள்ளி இல்லாத படம்

கற்பிட்டி

அன்புள்ள நுஸ்கி காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நீங்கள் உடல் சுகத்தோடு இருக்க உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறார். அவருடைய விரல்களில் பேனை நிற்பதில்லை, அதனால் அவர் சொல்ல, தங்கை நான் எழுதுகிறேன். போனில் கேட்டால் நல்லாயிருக்கேன் என்று முடித்துவிடுவார். ஆகவே அவர் சொல்வதையும், சொல்லாமல் விடுவதில் நான் கண்டதையும், ஒன்றும் மறைக்காமல் உண்மையாக எழுதப் போகிறேன்.

வாப்பா சுகம். மழையில் வெங்காய நாற்று அழுகிப்போய், மறுபடியும் பாத்தி கட்டுகிறார். நீங்கள் வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடிக்க மறக்க வேண்டாமாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயைக் கண்டுபிடித்த நாளிலிருந்து உம்மா நிற்க ஏலாமல் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுதார், உங்களுக்குத் தெரியும். போன மாதம் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் புதிய வெள்ளைப் புள்ளி இல்லை என்று ரிப்போர்ட்டில் இருந்ததைக் கேட்டதும் நீங்கள் சந்தோஷத்தில், "புதுசா ஒண்டும் இல்லியாமே உம்மா, அப்ப இது பயம்தான், எழும்பி நடங்க" என்றீர்கள். நல்லதற்குத்தான் சொன்னீர்கள் என்று உம்மா எழுதச் சொல்கிறார். ஆனால் அன்று அஸர் தொழுகைக்கே கதிரையை முற்றத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஏலாதவர்களுக்குத்தான் அந்தச் சலுகை, படமே சுகம் என்னும்போது இருந்து தொழுதால் அல்லாஹ்வை ஏமாற்றுவதாகும் என்று நினைத்தார். மூன்றாம் நாள் சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்தவர் எழும்ப முடியாமல் பாயிலேயே சரிந்து கிடந்தார். இதை எழுத வேண்டாம் என்றார்.

கொழும்பு கிளினிக்கில் டொக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புள்ளி என்பது நரம்பின் உறையில் பட்ட காயம். இரண்டு படங்களுக்கும் இடையில் புதிதாகக் காயம் படவில்லை என்பதுதான் ரிப்போர்ட்டின் கருத்து, பழையவை ஆறிவிட்டன என்பதல்ல. தலையில் நிறையப் புள்ளிகளோடு நடமாடுகிறவர்களும் உண்டாம். உம்மாவுக்குக் கழுத்து முள்ளந்தண்டிலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது. காலுக்குப் போகும் நரம்புகள் எல்லாம் அந்த ஒடுங்கிய இடத்தால்தான் போக வேண்டும். இந்த முறை எடுத்ததோ தலையை மட்டும். "படத்தப் பாத்து உங்கட காலுக்கு ஏலுமா எண்டு என்னால சொல்ல ஏலாது, அத நீங்கதான் எனக்குச் சொல்லணும்" என்றார் டொக்டர். அந்தப் புள்ளி போகுமா என்று மட்டும் உம்மா கேட்டார். போகாது, மருந்து புதியது வராமல் தடுக்கத்தான் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, விளங்கிவிட்டதுதானே, இனிக் கதிரையில் இருந்து தொழு என்று வாப்பா சொன்னதற்கு, "எனக்கு விளங்கிட்டு. புள்ளைக்கு விளங்கலியே" என்றார், உங்களைத்தான். வாப்பா கதிரையை உள்ளே கொண்டுவந்து போட்டார். உம்மா அதில் துவைத்த உடுப்புகளை மடித்து அடுக்கியிருக்கிறார்.

இனி வருவதை உம்மா சொல்லவில்லை. அடுத்த முறை பேசும்போது படத்தைப் பற்றிக் கேட்காதீர்கள் காக்கா. இன்றைக்குக் கால் எப்படி என்று கேளுங்கள், அவர் சொல்வதை நம்புங்கள். பிறகு, கதிரையில் இருந்து தொழுங்க உம்மா என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அல்லாஹ் உன்னைக் கண் கலங்காமல் வைப்பான் மகன், விடியுமுன் சஹர் சாப்பிடாமல் நோன்பு பிடிக்காதே என்று உம்மா சொல்கிறார்.

உங்கள் உம்மா கமறியா
எழுதியது தங்கை ஷஸ்னா

இஷா தொழுகைக்குப் பாங்கு சொல்லியாயிற்று. தான் நின்று தொழுவதை நான் பார்க்கக் கூடாது என்று உம்மா தன் அறையின் லைட்டை அணைத்துவிட்டார்.