திருப்பி மாட்டிய பெயர்

மூன்று வருடமாக நான் கடிதம் எழுதாத உனக்கு,

ஃபிளிண்டர்ஸ் மலையில், அதே கல் விடுதியில் தங்கியிருக்கிறேன். சுவர்தான் கல் என்று பார்த்தால் மெத்தையும் கல்தான். இன்னமும் ட்ரூடிதான் விடுதியை நடத்துகிறாள்.

வாசலில் பெயர்ச்சீட்டுப் பலகையும் அப்படியே இருக்கிறது. மலையில் நடக்கப் போகிறவர்கள் தங்கள் சீட்டின் சிவப்புப் பக்கம் தெரியும்படி மாட்டிவிட்டுப் போகிறார்கள். வந்ததும் அவர்களே பச்சைக்குத் திருப்புகிறார்கள்.

இன்று மாலை ஒரே ஒரு சீட்டு சிவப்பாக இருந்தது. அந்த மனிதருடைய பூட்ஸ் வாசலில் கிடந்தது. வந்தவர் மறந்துவிட்டார் என்று நினைத்து நானே திருப்பிவிட்டேன்.

ட்ரூடி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "கை வைக்காதே! அது அவரோட பழைய பூட்ஸ். மனுஷன் இன்னும் மலையிலதான் இருக்காரு. உனக்கா நான் சொல்லித் தரணும்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் அரை மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார்.

அன்று நீ வாசலில் லாக்லனின் தொப்பியைப் பார்த்துவிட்டுத்தான் அவன் சீட்டைத் திருப்பினாய். பச்சையைப் பார்த்துவிட்டு, விடியும்வரை யாரும் அவனைத் தேடவில்லை. "நம்ம பிள்ளை உன் கையாலதான் போனான்" என்று உன்னிடம் சொன்னேன். இன்று என் கையும் அதைத்தான் செய்தது.

நாளைக் காலையில் அவன் போன பாதையில் நடக்கப் போகிறேன். மத்தியானம் வந்து என் சீட்டை நானே பச்சைக்குத் திருப்புவேன். அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் வருவேன். கதவைத் திற.

நம் மகனின் அம்மா