நாற்பத்தோராவது பாதம்

மார்ச் 9, திங்கட்கிழமை, காலை 10.20. சேர்த்த பாதப் படங்கள் மொத்தம் நாற்பத்தொன்று. நாற்பத்தோராவது உங்களுடையது, மாமா.

இத்தனை நாள் அதைத் திறக்கவே இல்லை. புதிதாகப் பயிற்சி கொடுத்த, தோல் படத்தில் புற்றுநோயைத் தேடும் கணினி மாடலைச் சோதிக்க வேண்டியிருந்ததால் இன்று திறந்தேன். இடது குதிகால். ஓரம் பிசிறடித்த ஒரு கருமை. அதற்குள் கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் சாம்பல் நீலம். சுற்றிலும் நீங்கள் அன்று நூலுக்குப் போட்ட அரக்குச் சாயம். மாடல் சொன்னது: ஆபத்து குறைவு. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் குறைவு.

அக்காவைக் கட்டிய நாளிலிருந்தே உங்கள் கால் எங்கள் வீட்டுக் கிண்டல். சாயப் பட்டறையில் செருப்பே போட மாட்டீர்கள். கொதிக்கிற தொட்டியில் பட்டு நூலைக் கழியில் மாட்டித் திருப்பிக்கொண்டே, வழிந்த சாயத்தில் வெறுங்காலோடு நிற்பீர்கள். ஒரு நாள் மஞ்சள், ஒரு நாள் பச்சை. "மாப்ள வந்தாரா, மயிலு வந்துச்சா?" என்று அம்மா கேட்பாள். சாயக்காரர் காலில் கறுப்பாக ஒன்று இருந்தால் யார் கவனிப்பார்கள்? அக்கா மட்டும் கவனித்தாள். ஞாயிற்றுக்கிழமை உங்களைக் குழாயடியில் உட்கார வைத்து, பிளீச்சிங் பவுடரைப் போட்டு, கல்லால் தேய்ப்பாள்.

"விடும்மா, தோலு உரிஞ்சிக்கினு வருது."

"வரட்டும். கறை போவுதான்னு பாப்போம்."

அது கறையே இல்லையோ என்று சந்தேகப்பட்டது நீங்கள் ஒருவர்தான்.

"மச்சான், இத்த உன் மிஷின்ல போட்டுப் பாரேன்."

"சாயம் மாமா, வேற என்ன."

"சாயம்னா ஏறும், எறங்கும்பா. இது ஒரே எடத்துல குந்திக்கினு இருக்குது. இந்த கலர நான் காச்சினதே இல்ல."

எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். "காலக் காட்டுறேன்னு தப்பா நெனக்காத" என்று கூச்சப்பட்டுப் பாதி திருப்பினீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் எடுத்தேன். நீங்கள் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"என்னடா இது, என் காலு இவ்ளோ வெளுப்பா? எவனோ கலர எறக்கிட்டான்."

"ஃபோன் அப்படித்தான் எடுக்கும். உங்களுக்குப் புரியாது, சும்மா இருங்க."

நூலை வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் ஒரு நிறத்தையும் சரி என்று சொல்லாத மனிதரிடம், நிறம் புரியாது என்று சொன்னேன். அன்று என் ஃபோனில் இருந்த மாடல் படித்தது பெரும்பாலும் வெள்ளைத் தோலை. அதிலும் முதுகு, கை. நம் நிறத்தவர்களுக்கு இந்தப் புற்று வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வரும். எனக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. ஒரு வரியாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். ஆபத்து குறைவு என்று வந்ததும், "ஒண்ணுமில்ல, காலக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பஸ்ஸும் கிடைத்தது.

எட்டு மாதம் கழித்துத் தொடை இடுக்கில் கட்டி; காலிலிருந்து பரவிய புற்று. சென்னையில் டாக்டர் கேட்டார்: "முன்னாடியே யார்கிட்டயும் காட்டலையா?" நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரைப் பார்த்து, "இல்ல டாக்டர், சாயம்னு நெனச்சு நானே வுட்டுட்டேன்" என்றீர்கள். பக்கத்தில் அக்கா. நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் போன பிறகும் திறக்கவில்லை.

திறக்காமல் என்ன செய்தேன்? படம் சேர்த்தேன். பட்டறை பட்டறையாக, தறி தறியாகப் போனேன். தறியில் இருப்பவர்களின் கால் தறிக்கு அடியில் உள்ள குழிக்குள் இருக்கிறது. வெளியே எடுத்தாலும் நீட்ட மாட்டார்கள். "ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா காலத் தூக்கிக் காட்டறதா? போப்பா அந்தாண்ட" என்று விரட்டினார் ஒரு அம்மாள். கெஞ்சிக் கூத்தாடி நாற்பது கிடைத்தது. ஒரு மாடலுக்கு நாற்பது எந்த மூலைக்கு? உங்கள் படத்தையாவது சரிசெய்யலாம் என்று பார்த்தேன். முடியாது. ஃபோன் தூக்கி எறிந்த நிறம் எந்தக் கோப்பிலும் இல்லை. அந்தக் கால் இருந்தபோது வெயிலில் வைத்து இன்னொரு படம் எடுத்திருக்க வேண்டும்.

போன வாரம் அக்கா சொன்னாள்: "நான்தான்டா கல்லு வெச்சித் தேச்சித் தேச்சி அத்த கெளப்பி வுட்டுட்டேன். அவரு விடும்மா விடும்மான்னாரு." தேய்ப்பதால் அது வராது என்றேன். "நீ ஆறுதலுக்குச் சொல்ற" என்றாள். அவள் நம்பும்படி சொல்ல என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு வந்தேன். டாக்டர் அறையில் நீங்கள் பார்த்த பார்வையோடுதான் தினமும் எழுந்திருக்கிறேன், மாமா. அதில் கோபம் இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இனி செய்யப்போவது:

1. மருத்துவ முகாமில் வைக்க இந்த மாடலைக் கேட்டவர்களுக்கு இன்றே 'தர முடியாது' என்று எழுதுவேன்.

2. சந்தேகமான காலைப் பார்த்தால் ஃபோனை எடுக்க மாட்டேன். ஆளை டாக்டரிடம் கூட்டிப்போவேன்.

3. படம் எடுப்பதென்றால் வெயிலில். கால்காரர் நிறம் சரியில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி எடுப்பேன்.

4. மதியம் செவிலிமேட்டுக்கு, அக்கா வீட்டுக்கு, டவுன் பஸ். அவளிடம் சொல்வேன்: "மாமா என்கிட்ட காட்டினாரு. நான்தான் ஒண்ணுமில்லன்னேன்." அதன் பிறகு அவள் எனக்குக் கதவைத் திறக்காமல் போகலாம். ஆனாலும் உங்களைக் கொன்றது தன் கை என்று நினைத்துக்கொண்டு அவள் இன்னொரு நாள் தூங்கப்போகக் கூடாது.