வலது என்ஜினுக்கு நான் போட்ட பில்டர்

என் பிரியமுள்ள கன்னியப்பனுக்கு,

நேற்றுக் காலை நம் மோட்டார் போட்டு மறுபடியும் கடலுக்குப் போய் வந்தது. இரண்டு என்ஜினும் ஓடின. எண்ணெய் பிரஷர் முள் இரண்டு பக்கமும் ஏறி நின்ற இடத்தை விட்டு இறங்கவில்லை. கரைக்கு வந்து கயிறு கட்டியதும் இதை முதலில் உன்னிடம்தான் சொல்லவேண்டும் என்று தோன்றியது. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

இதை நம் ராயபுரம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் போடக் கொடுக்கிறேன். உனக்கும் எனக்கும் உள்ள விஷயத்தை ஊர் படிக்க வேண்டுமா என்று கேட்பாய். இந்த விஷயத்தை ஊர் தப்பாகப் பேசிவிட்டது, கன்னியப்பா. பேசவிட்டவன் நான். அதனால் ஊர் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே விளக்கிச் சொல்வேன். படிக்கிறவர்களில் என்ஜினைக் கண்ணால் பார்க்காதவர்களும் உண்டு, கோபித்துக்கொள்ளாதே.

யுத்தம் முடிந்து மிலிட்டரி சாமான்களை ஏலம் போட்டார்களே, அப்போது நம் முதலாளி எடுத்த போட்டு இது. கடலில் விழுந்த விமானக்காரர்களைத் தூக்கி வருவதற்காகக் கட்டியது. சாதாரண லாஞ்சு மூன்று மணி நேரம் போகிற தூரத்தை இது ஒரு மணியில் போகும். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பல்களுக்குக் காய்கறி, இறைச்சி, சில சமயம் டாக்டர் என்று கொண்டுபோவது நம் வேலை. ஓட்டுகிற சாரங்கு நான். என்ஜினைப் பார்க்கிற பிட்டர் நீ. அந்த வேகத்தில் சுழல்கிற என்ஜினுக்குள் எண்ணெய் ஆறு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த எண்ணெயில் கலக்கும் கரியையும் இரும்புத் தூளையும் பிடித்து வைப்பதுதான் பில்டர். போட்டோடு வந்த பில்டர்கள் இரண்டும் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டன. அதே மாதிரி வேறு எங்கும் கிடைக்கவில்லை. எதை வாங்குவது என்பதில்தான் நமக்குள் சண்டை வந்தது.

அதே வாரம்தான் என் மகன் வேலுவுக்கு உன் கஸ்தூரியைப் பெண் கேட்டு டோல்கேட்டில் உன் வீட்டுக்கு வந்திருந்தோம். உன் மனைவி காப்பி கொண்டுவந்து வைக்கிறாள். நாம் இரண்டு பேரும் பெண்ணையும் பேசவில்லை, பிள்ளையையும் பேசவில்லை. பில்டரைப் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் கேட்டது லாரிக்குப் போடுகிற பில்டர். உள்ளே நெருக்கமாகப் பஞ்சு அடைத்தது. பொடித் தூளைக்கூட விடாது. மிலிட்டரி ஏலச் சாமான் விற்கிற டிஸ்போசல் கடையில் நீ பார்த்து வைத்திருந்தது பெரியது, உள்ளே கம்பளித் துணி மடிப்பு மடிப்பாக இருக்கும். அடைத்துக்கொண்டால் தானாகத் திறந்து எண்ணெயை அப்படியே விட்டுவிடுகிற ஒரு வால்வும் அதில் உண்டு. குண்டும் ஸ்பிரிங்கும் வைத்த சின்ன வால்வு.

"அயுக்கு எண்ணெய உள்ள வுடுற பில்டரு எதுக்குப்பா? அத்த போடறதும் ஒண்ணுதான், போடாம கீறதும் ஒண்ணுதான்," என்றேன்.

"அயுக்கு எண்ணெ போனா என்ஜினு தேயும் ஏகாம்பரம். ஒரு வருசம் தாங்கும். எண்ணெயே போலன்னா அஞ்சு நிமிசம் தாங்காது. லாரி என்ஜினு குடிக்கிற எண்ணெ எவ்ளோ, இது குடிக்கிற எண்ணெ எவ்ளோ?"

வாயால் சொன்னதோடு நீ நிற்கவில்லை. பின்கட்டில் எண்ணெயைச் சூடு பண்ணி, கைப்பம்பால் இரண்டு பில்டரிலும் அடித்துக் காட்டினாய். கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். உன் பில்டரில் அவள் நாற்பது எண்ணுவதற்குள் மண்ணெண்ணெய் டின் நிரம்பியது. லாரி பில்டரில் நூற்றைத் தாண்டியும் டின்னில் பாதிதான்.

அதைப் பார்த்த பிறகும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று உன்னிடம் அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். இதற்கு முந்தைய லாஞ்சில் எண்ணெயில் இரும்புத் தூள் சேர்ந்து பேரிங் போயிற்று. சாரங்கு கவனிக்கவில்லை என்று என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயம்தான் உன்னோடு வாதாடியது. பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "பட்டறையில குந்திக்கினு பேசறவனுக்கு இன்னா தெரியும், கடல்ல போறவன் நானு," என்று சொன்னேன். உன் மனைவி எதிரிலேயே சொன்னேன். நீ கையைத் துடைத்துக்கொண்டாய். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் முதலாளிதான் வழக்கைத் தீர்த்தார். "ஏ, ரெண்டு பேரும் ஏன் சண்ட போடுதிய? எடது பக்கம் அவன் சொன்னத மாட்டு, வலது பக்கம் இவன் சொன்னத மாட்டு. எது நல்லா ஓடுதுன்னு பாப்போம்," என்று தூத்துக்குடிப் பேச்சில் சொல்லிவிட்டுப் போனார். அப்படியே இடது பக்கம் உன்னுடையதையும் வலது பக்கம் என்னுடையதையும் மாட்டினாய். என் பில்டரையும் உன் கையாலேயே, உன்னுடையதை மாட்டிய அதே அக்கறையோடு மாட்டினாய். அடுத்த மாதம் கல்யாணம். சம்பந்தி ஆனோம். அதற்கடுத்த மூன்றாம் மாதம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நீ பார்க்காததை இனிமேல் சொல்கிறேன்.

கார்த்திகை மாதம், விடாத மழை. விடிந்ததும் ஆள் வந்து கூப்பிட்டான். எண்ணூருக்கு நேரே நிற்கும் கப்பலில் நீராவி அடித்து ஒரு கொதிகலன் ஆளுக்கு மார்பெல்லாம் வெந்துபோயிருந்தது. டாக்டரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். தினமும் கால் மணி நேரம் என்ஜினை மெதுவாக ஓடவிட்டுச் சூடேற்றுவோம். அன்றைக்கு அதற்குப் பொறுமை இல்லை. மழைக் குளிரில் எண்ணெய் கூழ் மாதிரி இறுகியிருந்தது. எடுத்த எடுப்பில் வேகம் கொடுத்தேன்.

துறைமுகத்து அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் வலது பக்க முள் சரிந்தது. பாதிக்கு வந்தது, பிறகு அடியில் படுத்துவிட்டது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அந்த என்ஜினை நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பேரிங்குகள் உருகி என்ஜினே இறுகியிருக்கும். இடது பக்க முள்ளும் முதலில் கொஞ்சம் தயங்கியது, பிறகு ஏறி நின்றுவிட்டது. உன் வால்வு திறந்து எண்ணெயை விட்டிருக்கிறது. அந்த ஒரு என்ஜினிலேயே போனோம், அந்த ஆளை ஏற்றிக்கொண்டு வந்தோம். அலை பக்கவாட்டில் அடித்தது. அவன் வலியில் கத்திக்கொண்டே வந்தான். பிழைத்துவிட்டான் கன்னியப்பா. போன வாரம் அவன் கப்பலுக்குத் திரும்பும்போது வேறொரு லாஞ்சில் நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

கரையில் முதலாளி குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "என்ன ஆச்சு? கன்னியப்பன் மாட்டுன பில்டரா கோளாறு?" என்று கேட்டார்.

எந்தப் பக்கம் என்று அவருக்கு ஞாபகமில்லை. "ஆமா, பில்டருதான்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை என்று நீ எனக்காக வாதாடலாம். ஆனால் நான் சொல்லாமல் விட்டது என்ன என்று எனக்குத் தெரியும். மறுபடி எட்டு மாதம் வீட்டில் உட்காரவேண்டி வந்தால் என்ன செய்வது என்பதுதான் அப்போது மனதில் ஓடியது.

இரண்டு நாளில் பேச்சு துறைமுகத்தைத் தாண்டி டோல்கேட் வரைக்கும் போய்விட்டது. கன்னியப்பன் போட்டது நடுக்கடலில் காலை வாரிவிட்டதாம் என்று. குழாயடியில் யாரோ கஸ்தூரியின் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்.

"மாமா, எந்தப் பக்கத்து என்ஜினு நின்னுச்சி?"

"வலது," என்றேன்.

வலது பக்கம் என் பில்டர் என்பதும், அடைத்துக்கொள்வது அதுதான் என்பதும் அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியவளே அவள்தானே. "சரி மாமா," என்று சொல்லி ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். உன் பெண்ணும் உன்னை மாதிரியே கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். தட்டில் ரசச் சோற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

எழுந்து கை கழுவிக்கொண்டு நேரே முதலாளியின் கடைக்குப் போனேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். பரவாயில்லை என்று அவர்கள் எதிரிலேயே சொன்னேன். "மொதலாளி, நின்னது நான் கேட்டு வாங்கின லாரி பில்டரு. நம்மள வூட்டுக்குக் கொண்டாந்து சேத்தது கன்னியப்பன் பில்டரு. அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல."

அவர் கணக்கு நோட்டை மூடி வைத்தார். "சாரங்கு வேல உனக்கு இருக்கு. அந்தப் பயம் வேண்டாம். வலது பக்கத்துக்கு என்ன மாட்டணும்னு நீயே பாத்துச் சொல்லு," என்றார். என் பயம் அவருக்கு எப்படித் தெரிந்தது? நீ என்றைக்காவது சொன்னாயா? அப்படியானால் உனக்கு எப்படித் தெரிந்தது?

அப்புறம் சாமான் தேட அலைந்தேன். உன்னுடையதைப் போலவே இன்னொன்று அதே கடையில் இருந்தது. ஆனால் அது அலுமினியக் கூடு. உன் பில்டரைக் கழற்றிப் பார்த்தபோது உப்புக்காற்று அதன் அடிப்பக்கத்தை அரித்துப் புள்ளி புள்ளியாக்கியிருந்தது, ஓட்டை இன்னும் விழவில்லை. இதை மட்டும் நீ கணக்கில் எடுக்கவில்லை, சம்பந்தி. திருவொற்றியூரில் உடைத்த கப்பல் சாமான் விற்கிறவரிடம் எஃகுக் கூடு போட்ட ஒன்று கிடைத்தது. கப்பலில் விளக்கெரிக்கிற என்ஜினில் இருந்தது. அதே கம்பளி மடிப்பு, அதே மாதிரி வால்வு. அதையும் கழற்றிய லாரி பில்டரையும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

பின்பக்கம் டின்னையும் பம்பையும் வைத்து எண்ணெயைச் சூடு பண்ண ஆரம்பித்தேன். கஸ்தூரி வந்து நின்றாள். அவளுக்கு இப்போது ஆறு மாதம். முக்காலி போட்டு உட்காரச் சொன்னேன்.

"நைனா சுட வச்சித்தான் பாத்தாரு. உங்குளுக்குப் பேஜாரு ஆனது குளிரு எண்ணெயிலதானே மாமா? பச்சையாவும் ஒரு தபா அடிச்சிப் பாருங்கோ."

நம் இரண்டு பேருக்கும் தோன்றாத விஷயம் அது. எண்ணெயை முற்றத்தில் மழைக் காற்றில் வைத்து ஆறவிட்டோம். லாரி பில்டரில் பம்புக் கைப்பிடி இறங்கவே இல்லை, நான் எழுந்து நின்று அழுத்திப் பார்த்தும் இறங்கவில்லை. எஃகுப் பில்டரில் இறங்கியது, ஆனால் கனமாக. வால்வின் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பு. அதற்குப் பின்னால் இருந்த வாஷரில் ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். சுகமாக இறங்கியது. சூடான எண்ணெயில் கஸ்தூரி முப்பத்தெட்டு எண்ணுவதற்குள் டின் நிரம்பியது.

"நைனாவோடத விட ரெண்டு கம்மி," என்றாள். முகத்தில் சிரிப்பு வந்தது. நீ இறந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

நேற்று அதை மாட்டிக்கொண்டுதான் போனோம். குளிரில் வேண்டுமென்றே கொஞ்சம் சீக்கிரம் வேகம் கொடுத்துப் பார்த்தேன். முள் ஒரு நொடி யோசித்துவிட்டு ஏறிக்கொண்டது. எண்ணூர் வரைக்கும் போய்த் திரும்பினேன். கடல் அமைதியாக இருந்தது. எனக்கும் ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கன்னியப்பனின் கைவேலை ஒரு நாளும் கடலில் யாரையும் கைவிடவில்லை. எவராவது வேறு மாதிரிச் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

உனக்கு ஒரு வாக்கு, கன்னியப்பா. பங்குனியில் உனக்குப் பேரனோ பேத்தியோ வரப்போகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து, தாத்தா எப்படி இருந்தார் என்று கேட்கும் அல்லவா? உன் வீட்டில் நான் சொல்லக்கூடாததைச் சொன்னதையும், நீ பதில் பேசாமல் என் பில்டரையும் ஒழுங்காக மாட்டிக் கொடுத்ததையும் நானே உட்கார்த்திவைத்துச் சொல்வேன். என் பங்கைக் குறைக்காமல் சொல்வேன்.

உன் சம்பந்தி,
அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உன் தோஸ்து,
ஏகாம்பரம்