நானூறு வீடுகள்

தங்கச்சிக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை. அதில் தப்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ், ஓடை பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள். பாலத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை என்பது உண்மைதான். ஏன் ஒதுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் நகராட்சியிலிருந்து பாலம் கேட்டு எழுதினோம். உங்கள் குடியிருப்பில் அப்போதே இரண்டாயிரம் வீடுகள் இருக்கும். பழைய பதிவேட்டில் நானூறுதான். புதிதாக எண்ண ஆள் கேட்டேன். மேலதிகாரி சிரித்தார்.

"எண்ண ஆரம்பிச்சா முடியுமா? பழசையே போட்டு அனுப்புப்பா. தலைக்கு மேல வேலை கிடக்கு."

நானும் போட்டேன். நானூறு வீட்டுக்குப் பாலம் எதற்கு என்று கோப்பு திரும்பி வந்தது.

"பாலம் எப்ப வரும் மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்கும்போதெல்லாம், "மேல இருக்கறவங்க கண்ணு தொறக்கணும் மாப்ள" என்பேன். அவரும் சாகும்வரை நம்பினார்.

போன மாதம் விடுப்பு எடுத்து, தெருத் தெருவாக நடந்து நானே எண்ணினேன். மூவாயிரத்து நூற்றுப் பதினாறு வீடுகள். பழைய எண் தவறு, அதைப் போட்டவன் நான் என்று கையெழுத்திட்டு மேலே அனுப்பிவிட்டேன். வேலை நிலைக்குமா, தெரியாது.

அப்போது உன் வீட்டுக்கும் வந்தேன். பெரியவள்தான் கதவைத் திறந்தாள். வாய்ப் பழக்கத்தில், "வீட்ல எத்தனை பேரும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"நாலு" என்றாள். கொஞ்ச நேரம் என் பேனாவையே பார்த்தாள். "இல்ல மாமா, மூணு."

நீ உள்ளேதான் இருந்தாய். உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

உன் அண்ணன்