விபூதிக்குக் கொடுத்த ஓலை

பிரியமுள்ள மச்சான் சவரிமுத்து, எப்படி இருக்கிறீர்? நீர் இருக்கிற இடத்தில் காற்று உண்டா, அலை உண்டா? எனக்கு எழுத்து தெரியாதென்று உமக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல நம் கோயில் உபதேசியார் எழுதுகிறார். கரையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். உம் மகன் சூசை நேற்றே கடலிலிருந்து திரும்பியிருக்க வேண்டும். இன்னும் காணோம். அதனால்தான் உம்மைக் கூப்பிடுகிறேன்.

போன தபசு நோன்புக் காலத்தில் நீர் கடலுக்குப் போனீர். உம் வள்ளம் மட்டும் காயல்பட்டினத்துப் பக்கம் ஒதுங்கியது. பாய் ஒழுங்காகச் சுருட்டிக் கட்டியிருந்தது. நடுக்கடலில் எதற்குப் பாயைச் சுருட்டினீர், மச்சான்?

பெரிய வியாழனில் ஓய்ந்த கோயில் மணி, ஆண்டவர் உயிர்த்தாரென்று சனிக்கிழமை மறுபடி அடித்தபோது ஊரே வாசலுக்கு வந்தது. உம் பெஞ்சாதி, என் தங்கச்சி, வரவில்லை. ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாரும் கல்லறையில் மெழுகுதிரி வைத்தார்கள். உமக்கேது கல்லறை? அவள் உமக்கென்று ஒரு திரியை அலையோரம் மணலில் குத்தினாள். யுத்த காலத்தில் கரையில் வெளிச்சம் கூடாதென்று போலீஸ்காரர் பூட்ஸ் காலால் அணைத்தார். நல்ல மனுஷர்தான்; கருப்பட்டி வியாபாரக் குடும்பம், அணைத்தபிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அது இருக்கட்டும்.

பாலன் பிறப்பு முடிந்து, தபசு தொடங்கும் விபூதிப் புதன் வந்தது. நம் வழக்கம் உமக்குத் தெரியும். உபதேசியார் வெளியூர்க்காரர், அவருக்காகச் சொல்கிறேன். போன வருஷம் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வாங்கிய ஓலையைக் கோயிலில் கொடுத்தால் அதை எரித்துத்தான் நெற்றிக்கு விபூதி. ஆனால் கடலுக்குப் போகிறவன் ஒரு விரல் நீளம் கிள்ளிப் பாய்மரத்தில் விட்டுவைப்பான். அடுத்த குருத்தோலை ஞாயிறு வரை அதுதான் காவல். நீர் மட்டும், "ஆண்டவருக்குக் குடுக்கதுல என்னவே மிச்சம்?" என்று முழுசையும் கொடுத்தீர்.

உம் மகனும் அப்படியே கொடுத்துவிட்டான். அவன் கடலுக்குக் கிளம்பிய அன்று என் வள்ளத்து ஓலையை அவிழ்த்துக்கொண்டு ஓடினேன்.

"ஏலே மருமவனே, இதைக் கட்டிட்டுப் போல."

"ஒம்ம தாடியில கட்டும் மாமா, அதாச்சும் நிமிந்து நிக்கட்டும்."

"வெளையாடாத. ஒங்க ஐயா வெறும் மரத்தோடதாம்ல போனாரு."

"அவரு பயந்தா போனாரு?"

சிரித்துக்கொண்டே உம் வள்ளத்தைத் தள்ளினான். அவன் கண்ணுக்கு மறைவதற்குள் காற்று மாறிவிட்டது.

ஓலை இன்னும் என் கையில்தான் இருக்கிறது, மச்சான். வாக்குக் கொடுக்கிறேன், அவன் கரையேறினால் திட்டினாலும் அடித்தாலும் என் கையாலேயே பாய்மரத்தில் இதை

"அண்ணே! ஏ அண்ணே! அங்கன பாரு, நம்ம வள்ளம் வருது!"

உம் பெஞ்சாதிதான், தண்ணிக்குள் இறங்கி நின்று கத்துகிறாள்.

"பாயச் சுருட்டிக் கட்டியிருக்குண்ணே... ஆளு ஒண்ணும் தெரியலையே!"

உபதேசியாரே, கீழே 'உம்ம மச்சான்' என்று போட்டு வையும், நான் போய்